குற்றாலச் சாரலும் குடியேறுவோர் கணக்கும்

பணி ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க நம்மில் பலருடைய மனத்தில் ஒரு படம் தோன்ற ஆரம்பிக்கிறது. மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். சுற்றிலும் பச்சை வயல். நாலு தென்னை, நாலு வாழை நிற்கும் தோட்டத்தோடு ஒரு சின்ன வீடு. காலையில் நடை, மாலையில் கோயில். பிழைப்பை முன்னிட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, முப்பது நாற்பது ஆண்டுகளை வெளி மாநிலத்தில் கழித்தவர்களுக்கு இந்தப் படத்தின் வண்ணம் இன்னும் சற்று அழுத்தமாகவே இருக்கும்.

நான் நாகபுரியில் ரயில்வே பொறியியல் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றி 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். அந்த ஆண்டே மனைவியோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். அது முதல் நம் சங்கத்து நண்பர்கள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "ஊர் எப்படி இருக்கிறது? நாங்களும் அங்கேயே வந்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லி வந்த பதிலை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். டிப்ளமா படித்துத் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் நான். எதையும் கணக்காகவே சொல்ல வரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சாரல் எங்கிருந்து வருகிறது?

குற்றாலத்தை உதகை, கொடைக்கானல் போல ஒரு மலைவாசஸ்தலம் என்று எண்ணுவோர் பலர். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குற்றாலமோ 200 மீட்டரைக்கூடத் தொடாத அடிவாரத்து ஊர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கின்படி, உயரத்தால் குற்றாலத்துக்குக் கிடைக்கும் குளிர்ச்சி ஒரு டிகிரி அளவுதான்.

அப்படியானால் ஆனி, ஆடி மாதங்களில் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் என்ன? அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, கேரளத்தில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள தமிழகத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்தில் மழை மறைவில் கிடக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாயாக இருக்கிறது. ஈரக் காற்று அதன் வழியே நுழைந்து, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி வட்டாரத்தில் பூந்தூறலாக விழுகிறது. இதுவே சாரல். கிழக்கே ஆலங்குளம் பக்கம் சற்றுத் தூரம் போனால் தூறல் நின்றுவிடும். காற்று மட்டும் வீசும்.

ரயில்வேக்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. காற்று புகுந்து வரும் அதே தாழ்ந்த இடத்தைத்தான் எங்கள் துறையின் முன்னோர்களும் தேர்ந்தெடுத்தார்கள். புனலூரிலிருந்து செங்கோட்டை வரை மலையைக் குடைந்தும் பதின்மூன்று கண் பாலம் போன்ற கட்டுமானங்களை எழுப்பியும் 1904ஆம் ஆண்டில் மீட்டர் பாதையைத் திறந்தார்கள். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மூடப்பட்ட அந்தப் பகுதி, 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. நான் இங்கு வந்து சேர்ந்ததும் அந்த ஆண்டுதான்.

நான்கு பருவத்தையும் பார்க்க வேண்டும்

இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் உண்டு. குளிர்ச்சி உயரத்தால் வந்ததென்றால் ஆண்டு முழுவதும் இருக்கும். காற்றால் வந்த குளிர்ச்சி காற்றோடு போய்விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கு வருகிறவர் அருவியில் குளித்து, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூ பார்த்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு, "இதுவல்லவோ சொர்க்கம்!" என்று மனை விலை விசாரிக்கத் தொடங்குகிறார். சித்திரை, வைகாசியில் அருவிப் பாறை காய்ந்து கிடப்பதையும், வெயில் சுள்ளென்று அடிப்பதையும் அவர் பார்த்திருக்க மாட்டார். நாகபுரியின் 45 டிகிரியைத் தாங்கியவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் குளுகுளு ஊர் என்று நம்பி வருகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவது வடகிழக்குப் பருவமழை. அது சாரலைப் போலச் சாதுவானதன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. முன்னே ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் அனைவரும் மீட்கப்பட 19ஆம் தேதி ஆயிற்று. பாதைப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில், அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழைக்காலத்தில்தான் ஆபத்து என்றும் இல்லை. 2024 மே 17 அன்று, கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, குளித்துக் கொண்டிருந்த 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவிக்கு எதிரில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். இங்கே வசிப்பவர்கள் தண்ணீரின் நிறம் கலங்கினாலே விலகிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் இருத்த வேண்டும்.

எங்கள் துறையில் பாதையை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுச் சான்று எழுதும் வழக்கமில்லை. வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியும் என்பதால் கோடை ரோந்து தனி. மண் சரியும், பாலம் அரிக்கும் என்பதால் மழை ரோந்து தனி. ஊர் பார்க்கவும் அதே முறைதான் ஏற்றது. மனை வாங்கும் முன் ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதை ஆடியில் கேட்கக் கூடாது, மே மாதத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதைத் தரகரிடம் கேட்பதைவிட, கார்த்திகை மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பது மேல்.

கிலோமீட்டரை விட்டு நிமிடத்தைப் பாருங்கள்

"மருத்துவமனை எவ்வளவு தூரம்?" என்பது அடுத்த கேள்வி. தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு அலுவலகக் காரியங்களுக்காகத் திருநெல்வேலிக்கு அலைவதும் குறைந்தது. ஆனாலும் சில பெரிய சிகிச்சைகளுக்குச் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 160 கிலோமீட்டர் போல உள்ள மதுரைக்கோதான் போக வேண்டும். என்னைப் போன்ற ரயில்வே ஓய்வூதியருக்குக் கோட்ட மருத்துவமனை இருப்பது மதுரையில்தான்.

நெஞ்சுவலி வந்தவருக்கும் பக்கவாதம் கண்டவருக்கும் நேரம்தான் உயிர். மூளை நாளத்தில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, நோய் கண்ட நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே வரைபடத்தில் கிலோமீட்டர் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த ஆண்டில், பார்த்து வைத்திருந்த ஒவ்வொரு மனையிலிருந்தும் மருத்துவமனைக்கு இரண்டு முறை ஆட்டோவில் போய் நேரம் குறித்தேன். ஒன்று, இரவு பதினொரு மணிக்கு. மற்றொன்று, ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. குற்றாலம் சாலையை ஒட்டிய ஒரு மனையிலிருந்து இரவில் பன்னிரண்டு நிமிடம். சீசன் ஞாயிறன்று ஐம்பது நிமிடம். சுற்றுலாப் பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் நடுவே ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அழகான இடம் என்றால் நமக்கு மட்டுமா அழகு? ஊரே வந்து ரசிக்கும். அந்தக் கூட்டம் நம் அவசரத்தின் மேல் வந்து விழும்.

வீடும் வண்டியும்

வீடு கட்டுவோருக்கு இரண்டொரு குறிப்புகள். இங்கே காற்றும் சாரலும் மேற்கிலிருந்து வரும். தென்காசி காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் வேகம் தெரியும். மலை தெரிய வேண்டும் என்று மேற்குச் சுவரில் அகலமான சன்னல் வைத்துவிட்டு, மூன்று மாதம் அதை அடைத்தே வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். மேற்கே சன்னல் வேண்டுமென்றால் மேலே நீண்ட சன்ஷேடு போடுங்கள். சாரல் மாதங்களில் துணி காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும், மரக்கதவு உப்பிக்கொள்ளும். மூட்டுவலிக்காரர்கள் அந்த மூன்று மாதமும் எப்படி இருக்கிறது என்று சோதித்துக்கொள்வது நல்லது. படுக்கையறையும் கழிவறையும் தரைத்தளத்திலேயே இருக்கட்டும். கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கட்டும். சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை இரண்டையும் கட்டும்போதே அமைத்துவிட்டால் செலவு குறைவு. குரங்குகளுக்காகச் சமையலறைச் சன்னலுக்குக் கம்பி வலையும் வேண்டும்.

பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு ரயில் முக்கியம். சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். நாகபுரிக்கு நேரடி வண்டி கிடையாது. திருநெல்வேலி போய்த் திருக்குறள் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். ஆனால் அது வாரத்தில் சில நாட்களே ஓடும். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ரயில்வே ஓய்வூதியருக்குப் பாஸ் உண்டு. மற்றவர்கள் முழுக் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் நவம்பரில் தரும் உயிர்வாழ் சான்றிதழுக்காக நகரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் திட்டத்தில் கைரேகை வைத்தே தரலாம். 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியும் தரலாம்.

தனியாக இருக்கப் போகிறவர் யார்?

இதுவரை சொன்னவை செங்கல், சிமெண்டுக் கணக்கு. இனிச் சொல்வது மனிதக் கணக்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் இதுதான்.

வாடகைக்கு இருந்த ஆண்டின் முடிவில், ஊருக்கு வெளியே ஒரு மனை அமைந்தது. வாசலில் நின்றால் எதிரே மலை. நல்ல மழை பெய்த மறுநாள் தொலைவில் அருவி வெள்ளிக் கம்பி போலத் தெரியும். விலையும் நமக்கு எட்டியது. என் மனைவி மனையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்கு நீங்க இல்லைன்னா, இந்த வீட்டிலே ராத்திரி நான் எப்படித் தனியா இருப்பேன்?"

நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அபசகுனமாகப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடுவது வழக்கம். ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் கணவர் வயதில் மூத்தவர். பெண்களுக்குச் சராசரி ஆயுளும் அதிகம். ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் கணவர். அந்த ஊரில் கடைசி வரை, அதுவும் தனியாக, இருக்கப் போகிறவர் பெரும்பாலும் மனைவி. அப்படியிருக்க, ஊர் யாருக்குப் பிடிக்க வேண்டும்?

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், நம்மைப் போல வெளி மாநிலத்தில் உத்தியோகம் பார்த்தவர், இந்த வட்டாரத்தில் தோப்புக்கு நடுவே ஆசை ஆசையாக வீடு கட்டினார். மூன்றாம் ஆண்டில் மாரடைப்பால் காலமானார். அந்த அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. வங்கிக்குத் தனியே போய்ப் பழக்கமில்லை. மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அவருக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகனுடைய நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே பத்தாவது மாடியில் ஓர் அறையில் இருக்கிறார். இங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. மா காய்த்து உதிர்கிறது. "அவர் பார்த்துப் பார்த்து வைத்த மரம். ஒரு பழம் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை" என்று அந்த அம்மா என் மனைவியிடம் போனில் சொன்னார்.

பணக் கணக்கும் இதில் உண்டு. 2004 ஜனவரி 1க்கு முன் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஓய்வூதியர் மறைந்தால் ஏழு ஆண்டுகள் வரை, அல்லது அவருக்கு 67 வயது நிறையும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். பிறகு 30 சதவீதம்தான். அதாவது 100 ரூபாய் வந்த வீட்டில் 60 ரூபாய் வரும். ஒருவர் குறைந்தார் என்பதற்காக மின்கட்டணமும் வீட்டு வரியும் தோட்டக்காரர் கூலியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. தனி வீட்டின் செலவை அந்த 60 ரூபாய்க்குள் அடக்க முடியுமா என்று இப்போதே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கில் அந்த மலை தெரியும் மனை தேறவில்லை. தென்காசி ஊருக்குள்ளேயே, கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒட்டினாற்போல வீடுகள் உள்ள ஒரு தெருவில் சின்ன வீடாக வாங்கினோம். வாசலில் நின்றால் எதிர்வீட்டுத் திண்ணைதான் தெரியும். மலை பார்க்க மாடிக்குப் போக வேண்டும். ஆனால் காலையில் என் மனைவி கோலம் போட வெளியே வரவில்லை என்றால் ஏழு மணிக்குள் இரண்டு பேர் கதவைத் தட்டுவார்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் நாகபுரி என்பதால் அவருடைய தமிழில் மராத்தி வாடை வீசும். முதலில் தெருப் பெண்கள் சிரித்தார்கள். இப்போது அவரிடம் பூரண்போளி செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். வங்கி, மின்வாரியம், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் அவரே போய் வருகிறார். பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆட்டோக்காரர் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். நான் அவருக்குச் செய்த உருப்படியான காரியங்களில் அந்தத் தாளும் ஒன்று.

சிற்றூரில் ஆபத்துக்கு முதலில் வருவது பக்கத்தில் இருக்கும் மனிதர்தான். 2024 பிப்ரவரி 25 அன்று நள்ளிரவில், புளியரை அருகே மலைச்சாலையில் ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரி ஒன்று கீழேயுள்ள ரயில் பாதையில் கவிழ்ந்தது. பாதையோரம் வசித்த ஒரு முதிய தம்பதி சத்தம் கேட்டு ஓடிப்போய், டார்ச் விளக்கை ஆட்டி எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். ரோந்துக்காரருக்குக் கொடுக்கும் பயிற்சி எதுவும் பெறாதவர்கள் அவர்கள். முதல்வர் அவர்களைப் பாராட்டி ஐந்து லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தார்.

ரசிகமணி டி.கே.சி. அவர்களும் பிற்காலத்தில் குற்றாலத்தில் வந்து தங்கியவர்தாம். 1954இல் மறையும் வரை இந்தச் சாரலை அனுபவித்தார். ஆனால் ராஜாஜி, கல்கி முதலானோர் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அருவியோடு பேச்சுக்கும் ஆள் இருந்தது. நமக்கு ராஜாஜி வர மாட்டார்; எதிர்வீட்டு ஆச்சி வந்தால் போதும்.

ஆகவே, அழகான சிற்றூரில் குடியேற எண்ணும் அன்பர்கள், அது தென்காசியானாலும் வேறு எந்த ஊரானாலும், நாலு காரியம் செய்யுங்கள். ஓராண்டு வாடகைக்கு இருங்கள். மருத்துவமனைக்கு ஆகும் நிமிடத்தைக் கூட்ட நாளில் அளந்து பாருங்கள். குடும்ப ஓய்வூதியத்தில் அந்த வீடு நடக்குமா என்று கணக்குப் போடுங்கள். கடைசியாக, அந்தத் தெருவில் உங்கள் மனைவிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தோழிகள் நாலு பேர் கிடைத்த பிறகு பத்திரம் பதிவு செய்யுங்கள். நாலும் சரியாக அமைந்தால் தயங்காமல் வாருங்கள். மலைக்காற்று உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான்.

அருவியில் குளிக்க மட்டும் என்றால் ஆடியில் வாருங்கள். எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்து வைக்கிறோம். குடியேறும் எண்ணம் இருந்தால் முதலில் மே மாதத்தில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை, இருவருமாகச் சேர்ந்தே வாருங்கள்.